இடுப்புத் தேய்மானம்: பத்து நாள் கரண்ட் வெச்சாச்சு, வீட்டுல எந்தப் பயிற்சி, எவ்வளவு?

தறிக்குழி (சேலம் அம்மாப்பேட்டை)
வணக்கங்க. அப்பாவுக்காகக் கேக்கறேன். வயசு 58, குழித்தறியில ஒரு நாளைக்கு எட்டு மணி நேரம் உக்கார்ற வேலை. சர்க்கரை உண்டு, மாத்திரை போடறார். எக்ஸ்ரேயில கீழ்முதுகோட கடைசி ரெண்டு இணைப்புல, அதாவது எல்4-எல்5, எல்5-எஸ்1 தேய்மானம், எலும்பு முனை வளர்ந்திருக்குன்னு எழுதியிருக்கு. 15 நாள் பிசியோவுக்குப் பணம் கட்டி, 10 நாள் முடிஞ்சுது. ஐ.எஃப்.டி (வலிக்கு வைக்கற கரண்ட்), டிராக்‌ஷன் (இடுப்பை இழுத்துக் கட்டறது), கூடவே எட்டு படம் போட்ட ஒரு தாள். அதுல பாதி குனியற பயிற்சி, பாதி பின்னால வளையற பயிற்சி. எட்டையும் செஞ்சா சாயங்காலம் வலி ஏறுது. செய்யலைன்னா காலைல விறைச்சுக்குது. இருநூறு அடி நடந்தா ரெண்டு கெண்டைக்காலும் கனத்து மரத்துப்போகுது. எதை வெச்சுக்கறது, எதை விடறது?

அஸ்தம்பட்டி பிசியோ
தாள்ல இருக்கற எட்டும் எட்டு விதமான ஆளுக்கானது தம்பி. ஒரே ஆள் எட்டையும் செஞ்சா, பாதி பயிற்சி மீதிப் பாதியைக் கெடுத்துடும். பதில் சொல்றதுக்கு முன்னாடி நாலு விஷயம் பார்த்துட்டு வந்து எழுதுங்க.

முதலாவது, சுவருக்குப் பக்கத்துல நிக்க வெச்சு, கையை இடுப்புல வெச்சு மெதுவா பின்னால சாயச் சொல்லி 30 விநாடி நிறுத்துங்க. கெண்டைக்கால் கனம் வருதா? வந்தா உடனே உக்கார வெச்சு, முழங்கையைத் தொடையில ஊன்றி முன்னால குனியச் சொல்லுங்க. ஒண்ணு ரெண்டு நிமிஷத்துல கனம் இறங்குதா?

ரெண்டாவது, சைக்கிள் ஓட்டினா கால் வலிக்குதா, இல்ல நடந்தா மட்டுந்தானா?

மூணாவது, நடந்து வலி வந்தப்ப உக்காராம சும்மா நின்னாலே சரியாகுதா, இல்ல உக்காந்தாத்தானா?

நாலாவது, ஒண்ணுக்கு ரெண்டுக்கு அடக்கமுடியாம போறது, ஒண்ணுக்கு வராம அடைச்சுக்கறது, உக்கார்ற இடத்துல உணர்ச்சி குறையறது, பாதம் தொங்கி செருப்பு நழுவறது. இதுல ஏதாவது ஒண்ணு இருந்தாலும் இந்த இழையை மூடிட்டு இன்னைக்கே ஆஸ்பத்திரிக்குப் போங்க. மோகன் குமாரமங்கலம் அரசு மருத்துவக் கல்லூரி ஆஸ்பத்திரி அவசரப் பிரிவு ராத்திரியும் உண்டு. நாளைக்குப் பார்க்கலாம்னு தள்ளிப்போடற விஷயம் இல்ல இது.

தறிக்குழி
பார்த்துட்டேங்க. பின்னால சாஞ்சா இருபது விநாடியிலயே கனம் வருது, குனிஞ்சு உக்காந்தா ரெண்டு நிமிஷத்துல போயிடுது. சைக்கிள்ல பட்டைக்கோவில் வரைக்கும் போய்ட்டு வந்தாலும் ஒண்ணும் ஆகலை. சும்மா நின்னா போகலை, உக்காரணும். நாலாவதுல சொன்னது எதுவும் இல்லை.

அஸ்தம்பட்டி பிசியோ
அப்போ படம் தெளிவா இருக்கு. முதுகெலும்புகளுக்கு நடுவுல மெத்தை மாதிரி இருக்கற டிஸ்க் தேஞ்சு உயரம் குறைஞ்சதும் பின்பக்கத்துல இருக்கற ஃபாசெட் மூட்டுல பாரம் ஏறும். மூட்டு தடிக்கும், ஓரத்துல எலும்பு முனை வளரும், உள்ளே இருக்கற தசைநார் மடிப்பு விழுந்து பருக்கும். மூணும் சேர்ந்து நரம்பு போற கால்வாயைக் குறுக்கும். பின்னால வளைஞ்சா கால்வாய் இன்னும் குறுகும், முன்னால குனிஞ்சா விரியும். சைக்கிள்ல குனிஞ்சு உக்கார்றதால கால் வலிக்கலை. ரத்தக்குழாய் அடைப்பா இருந்தா சைக்கிள் மிதிச்சாலும் வலிச்சிருக்கும், சும்மா நின்னாலே சரியாயிருக்கும். ஆனா சர்க்கரை இருக்கறதால, அடுத்த தடவை டாக்டர்கிட்ட போகும்போது பாதத்து நாடியையும் பார்க்கச் சொல்லுங்க. ரெண்டும் ஒரே ஆளுக்குச் சேர்ந்தே இருக்கலாம்.

தாள்ல குப்புறப் படுத்து கையை ஊன்றி நெஞ்சைத் தூக்கற படம், நின்னு பின்னால சாயற படம், குப்புறப் படுத்து ரெண்டு காலையும் தூக்கற படம் இருக்கும். இந்த மூணையும் இப்போதைக்கு அடிச்சுடுங்க. டிஸ்க் பிதுங்கி ஒரு கால்ல மட்டும் சுருக்குனு இறங்கற ஆளுக்கு அதே பயிற்சி மருந்தா இருக்கும். அவங்களுக்குக் குனியறதுதான் ஆகாது. "தேய்மானம்"ங்கற ஒரே வார்த்தையில ரெண்டு பேரையும் அடைச்சு ஒரே தாளைக் குடுக்கறதுதான் கோளாறு.

சந்தேகசாமி (சூரமங்கலம்)
அப்போ எக்ஸ்ரே எதுக்கு எடுத்தாங்க?

எலும்புச்சேதி
முறிவு, காசநோய், கட்டி இதெல்லாம் இல்லைன்னு உறுதி பண்ண. தேய்மானத்தை அளக்கறதுக்குன்னு எடுத்தா குழப்பந்தான் மிஞ்சும். 2015-ல வந்த ஒரு ஆய்வுத் தொகுப்புல வலியே இல்லாத 3,110 பேரோட ஸ்கேன் கணக்கு இருக்கு. 20 வயசுக்காரங்கள்லயே 37 சதவீதம் பேருக்கு டிஸ்க் தேய்மானம். 80 வயசுல 96 சதவீதம். அதனால "உங்க எலும்பு தேஞ்சு போச்சு"ன்னு சொன்னதுமே, இனி அசையக்கூடாதுன்னு படுக்கறதுக்கு அர்த்தமே இல்லை. எந்தப் பக்கம் அசைஞ்சா வலி கூடுது, எந்தப் பக்கம் அசைஞ்சா குறையுதுங்கறது எக்ஸ்ரேயில தெரியாது. மேல கேட்ட நாலு கேள்வியிலதான் தெரியும்.

அஸ்தம்பட்டி பிசியோ
இப்போ பயிற்சிக்கு வரேன். அஞ்சே அஞ்சு.

இடுப்பை அழுத்தறது. எல்லாரும் சுலபம்னு நினைச்சுத் தப்பா செய்யறது இதைத்தான், அதனால கொஞ்சம் விரிவா. கட்டில்லயோ பாய்லயோ மல்லாந்து படுத்து முட்டி ரெண்டையும் மடக்கி, பாதம் கீழே பதிஞ்சிருக்கணும். இடுப்புக்கும் படுக்கைக்கும் நடுவுல ஒரு சந்து இருக்கும். ஒரு ஈரிழைத் துண்டை நாலா மடிச்சு அந்தச் சந்துல வையுங்க, முனை வெளியே தெரியட்டும். அடிவயித்தை உள்ளே இழுத்து, இடுப்பு எலும்பை லேசா பின்னால உருட்டி, துண்டை இடுப்பால அழுத்தணும். பக்கத்துல நீங்க உக்காந்து முனையைப் பிடிச்சு இழுத்துப் பாருங்க. துண்டு உருவி வந்துட்டா அழுத்தம் பத்தலை. வரலைன்னா சரி. அழுத்தின நிலையில 5 விநாடி, 10 தடவை. பாதத்தை உதைச்சு புட்டத்தைத் தூக்கி ஏமாத்துவாங்க, விடாதீங்க. மூச்சை அடக்கி முகம் செவந்தாலும் தப்பு.

ரெண்டாவது, முட்டியை நெஞ்சோட அணைக்கறது. முதல்ல ஒவ்வொரு காலா, பழகினதும் ரெண்டையும். 20 முதல் 30 விநாடி, மூணு தடவை. முட்டிவலி இருந்தா முட்டிக்கு மேல பிடிக்காம தொடைக்குப் பின்னால பிடிக்கணும்.

மூணாவது, தொடையோட முன்பக்கத்துக்கு நீட்சி. தறியில, பட்டறையில நாளெல்லாம் உக்கார்றவங்களுக்கு இடுப்பு மடிப்புத் தசை சுருங்கிடும். எழுந்து நின்னா அது இடுப்பை முன்னால இழுத்து முதுகை வளைக்கும், கால்வாய் குறுகும். நிக்கறப்ப மட்டும் வலி வர்றதுக்கு இது பெரிய காரணம். கட்டில் ஓரத்துல மல்லாந்து படுத்து, ஒரு முட்டியை நெஞ்சோட கட்டிப் பிடிச்சு, இன்னொரு காலை ஓரத்துக்கு வெளியே தொங்கவிடணும். திண்ணை இருந்தா இன்னும் நல்லது. தொங்கற கால் பாரத்துலயே தசை நீளும். 30 விநாடி, பக்கத்துக்கு மூணு. அணைச்ச முட்டியைத் தளர விட்டுட்டா முதுகு வளைஞ்சுடும், பலன் போயிடும்.

நாலாவது, புட்டத்தைத் தூக்கற பாலம். தோளுக்கும் முட்டிக்கும் ஒரே கோடு வர்ற வரைக்குந்தான். அதுக்கு மேல தூக்கினா பின்னால வளையறதா மாறிடும். 5 விநாடி, 8 முதல் 10 தடவை. தொடைக்குப் பின்னால பிடிச்சு இழுத்தா குதிகால் ரொம்ப தூரத்துல இருக்குன்னு அர்த்தம், புட்டத்துப் பக்கமா நகர்த்துங்க.

அஞ்சாவது நடை. அதைப் பத்தி ஏற்காடுக்காரர் எழுதுவார்னு விட்டுடறேன், அவர் ஊர்ல சமதரையே இல்லை.

ஏற்காடு காப்பிக்காடு
இருக்குங்க, ஏரியைச் சுத்தி! ஆனா சொல்ல வேண்டியது மேட்டைப் பத்திதான். கால்வாய்க் குறுக்கம் இருக்கறவங்களுக்கு மேடு ஏர்றது சுலபம், இறங்கறதுதான் சிரமம். ஏறும்போது உடம்பு தானா முன்னால சாயும். இறங்கும்போது விழாம இருக்க பின்னால சாய்வோம், இடுப்பு வளையும், கால் கனக்கும். எஸ்டேட்ல காப்பி பறிக்கறவங்க காலைல ஏறிப் போறப்ப நல்லா இருந்து, சாயங்காலம் மூட்டையோட இறங்கறப்ப நாலு தடவை கல்லு மேல உக்கார்றது இதனாலதான். கைத்தடி ஒண்ணு, சுமையை ரெண்டு பாகமா பிரிக்கறது, நேரா இறங்காம வளைஞ்சு வளைஞ்சு இறங்கற பாதை, இந்த மூணும் உதவும்.

நடைக்கு அளவு: வலி வந்த பிறகு பல்லைக் கடிச்சு நடக்கறது வேண்டாம், வலி வருமோன்னு நடக்காம இருக்கறதும் வேண்டாம். கனம் பாதி அளவுக்கு ஏறினதும் உக்காந்து குனிஞ்சு ரெண்டு நிமிஷம், பிறகு திரும்ப. உக்கார்ற நேரம் போக மொத்த நடை 20 நிமிஷம் வந்தா போதும், பிறகு 30. அம்மாப்பேட்டை ஆளுக்கு காந்தி ஸ்டேடியம் மாதிரி சமதரையும் உக்கார இடமும் இருக்கற இடமே சரி. சைக்கிள் இருக்கறதால வாரத்துல மூணு நாள் நடைக்குப் பதிலா சைக்கிளே போதும்.

வார்டு அக்கா
சர்க்கரை மாத்திரை போட்டுட்டு வெறும் வயித்துல நடக்க அனுப்பாதீங்க தம்பி. சில மாத்திரைக்கு சர்க்கரை சட்டுனு இறங்கும்.

ஒத்தடம் பத்தி யாரும் எழுதலை, நான் சொல்றேன். சுடுதண்ணிப் பைல கொதிக்கற தண்ணி ஊத்தக்கூடாது. துண்டு சுத்தி, 15 முதல் 20 நிமிஷம், உடம்பு மேல வைக்கணும். பை மேல படுக்கக்கூடாது. சர்க்கரையால உணர்ச்சி குறைஞ்ச இடத்துல சூடு தெரியாது, கொப்புளம் வந்த பிறகுதான் தெரியும். வாணலியில வறுத்த உப்பு, மணல் முடிச்சுக்கு இது ரெண்டு மடங்கு பொருந்தும், ஏன்னா சூடு எவ்வளவுன்னே தெரியாது. மணிக்கட்டு உள்பக்கத்துல வெச்சுப் பார்த்துட்டு வையுங்க. வலித்தைலம் தேச்ச இடத்துல சூட்டுப்பை வைக்கறது அறவே கூடாது, தோல் வெந்துடும்.

ஒத்தடத்தைப் பயிற்சிக்கு முன்னாடி வையுங்க. பயிற்சி முடிச்சுட்டு வெச்சா சுகமா இருக்கும், அவ்வளவுதான். முன்னாடி வெச்சா விறைப்பு தளர்ந்து அசைவு கூடும்.

சந்தேகசாமி
ஒத்தடம், பயிற்சி, நடை எல்லாமே காசில்லாத வேலை. அப்போ பத்து நாள் கரண்ட் வெச்ச காசு தண்டமா?

அஸ்தம்பட்டி பிசியோ
தண்டம்னு சொல்லமாட்டேன். அதையே வைத்தியம்னு நினைச்சா தண்டம். ஐ.எஃப்.டியில நாலு பேட் வெச்சு, 4,000 ஹெர்ட்ஸ் பக்கத்துல ரெண்டு மின்னோட்டம் குறுக்க போகும். வலிக்குன்னா அந்த ரெண்டுக்கும் நடுவுல வித்தியாசம் 80 முதல் 100 ஹெர்ட்ஸ் வர்ற மாதிரி வைப்பாங்க, 15-20 நிமிஷம். பேட் நாலும் பெருக்கல் குறி மாதிரி குறுக்க இருந்தாத்தான் நடுவுல வலி இருக்கற இடத்துல சேரும். ஒரே வரிசையில ஒட்டினா ரெண்டு தனித்தனி கரண்ட்தான். நல்லா வெச்சா சில மணி நேரம் வலி அமுங்கும். அந்த நேரத்துல பயிற்சி செய்யணும். வீட்டுக்குப் போய்ப் படுத்தா வாங்கின நேரம் வீணாச்சு. பேஸ்மேக்கர் இருக்கறவங்களுக்கு இது வேண்டாம்.

டிராக்‌ஷன், பெல்ட் பத்தி: நாள்பட்ட இடுப்புவலிக்கு உலக சுகாதார நிறுவனம் 2023 டிசம்பர்ல வெளியிட்ட வழிகாட்டுதல்ல இது ரெண்டும் வழக்கமா குடுக்க வேண்டாத பட்டியல்ல இருக்கு. பயிற்சியும், நோயைப் பத்தி விளக்கிச் சொல்றதும் குடுக்க வேண்டிய பட்டியல்ல. எலும்பு பலமிழந்தவங்க, முதுகெலும்பு காசநோய் இருக்கறவங்களை டிராக்‌ஷன் மேஜையில கட்டறது ஆபத்து.

வார்டு அக்கா
டயாதெர்மி, அதாவது மின்னலையால உள்ளுக்குள்ள சூடு ஏத்தற மெஷின், வைக்கற இடங்கள்ல ஒண்ணு கவனிக்கணும். நம்ம ஊர்ல வெள்ளி அரைஞாண் போட்ட ஆம்பளைங்க நிறைய. சட்டைக்குள்ள இருக்கறது டெக்னீசியனுக்குத் தெரியாது. உலோகத்துல சூடு குவிஞ்சு இடுப்பைச் சுத்தி கோடு போட்ட மாதிரி வெந்துடும். படுக்கறதுக்கு முன்னாடி அரைஞாண், சாவிக்கொத்து, பொம்பளைங்கன்னா ஊக்கு, கொக்கி, எல்லாம் கழட்டணும். உள்ள பிளேட் ஸ்க்ரூ வெச்சிருந்தா டயாதெர்மியே கிடையாது. வேர்வையில நனைஞ்ச பாலியஸ்டர் துணியும் கூடாது. வாயைத் திறந்து சொல்ல வேண்டியது நோயாளிதான்.

தறிக்குழி
எல்.எஸ். பெல்ட், இடுப்புல கட்டறது, வாங்கிட்டோம். தறியில உக்கார்றப்ப முழு நேரமும் போடறார்.

எலும்புச்சேதி
பெல்ட்டை நாள் பூரா போட்டா ஒரு கட்டத்துல அது இல்லாம எழுந்திரிக்கவே பயம் வரும். ரொம்ப வலிக்கற நாள், பஸ் பயணம், பாவு தூக்கற மாதிரி பாரமான வேலை, இதுக்கு மட்டும். ஒரு மணி ரெண்டு மணி நேரம். படுக்கறப்ப கழட்டணும். கட்டற இடமும் முக்கியம்: பெரும்பாலானவங்க வயித்து மேல கட்டி மூச்சு வாங்கறாங்க. பெல்ட்டோட கீழ் ஓரம் இடுப்பு எலும்புல உக்காரணும்.

அஸ்தம்பட்டி பிசியோ
தறியையே கொஞ்சம் மாத்துங்க. 30 நிமிஷத்துக்கு ஒரு தடவை போன்ல மணி அடிக்கட்டும், எழுந்து ரெண்டு நிமிஷம் நடை. குழியில இருந்து ஏர்றப்பதான் பலர் பிடிச்சுக்கறாங்க: ஒரு காலை மட்டும் தூக்கி மேல வெச்சு, உடம்பைத் திருகி, ஒரு கையை ஊன்றி எழுவாங்க. தேஞ்ச ஃபாசெட் மூட்டுக்கு வளையறதும் திருகறதும் ஒண்ணா சேர்ந்தா அதைவிட மோசம் கிடையாது. ரெண்டு காலையும் சேர்த்து ஒரே பக்கம் திருப்பி, ரெண்டு கையையும் குழி ஓரத்துல ஊன்றி எழணும். உக்கார்ற பலகையை ஒரு கோணிச்சாக்கு மடிப்பு உயரம் தூக்கினா எழறது லேசாகும். ஆனா முன்னால இருக்கற துணி சுருட்டற கட்டை வயித்துல இடிக்காத உயரமா பாருங்க.

படுக்கையில இருந்தும் அதே விதி: நேரா எழுந்து உக்காராதீங்க. ஒருக்களிச்சு, காலைக் கீழே தொங்கவிட்டு, கையை ஊன்றி எழணும். மெத்தையை வீசிட்டு வெறும் தரையில படுக்கறதுல தனிப் பலன் இல்லை. ரொம்ப மெத்துனு இல்லாத, அமுங்காத இலவம்பஞ்சு மெத்தை போதும். வயசானவங்களுக்குத் தரையில இருந்து எழறதே தனி ஆபத்து.

கொலுசுப்பட்டறை (செவ்வாய்ப்பேட்டை)
இடுப்பை மட்டுமே பேசறீங்க. பட்டறையில சம்மணம் போட்டு நாளெல்லாம் தலையைக் குனிஞ்சு பொடி பத்தவைக்கறவங்களுக்குக் கழுத்துதான். கழுத்துத் தேய்மானத்துக்கும் இதே மாதிரி திசை பார்க்கணுமா?

அஸ்தம்பட்டி பிசியோ
பார்க்கணும். ஆனா அதுக்கு முன்னாடி கையைப் பாருங்க. சட்டைப் பொத்தான் போட முடியலை, கொலுசு வளையத்தைக் கோக்க முடியலை, விரல் மக்கர் பண்ணுது, நடை தள்ளாடுது, தலையைக் குனிஞ்சா முதுகுத்தண்டு வழியா கரண்ட் ஷாக் மாதிரி இறங்குது. இதெல்லாம் தண்டுவடமே நசுங்கற அறிகுறி. பயிற்சியை நிறுத்திட்டு எம்.ஆர்.ஐக்கும் நரம்பு அறுவை மருத்துவர்கிட்டயும் போகணும். வேலை நுணுக்கமா இருக்கறதால பட்டறைக்காரங்களுக்கு இது சீக்கிரமே தெரியும். கண்ணாடி மாத்தணும்னு நினைச்சுக் கோட்டை விட்டுடறாங்க.

அது இல்லைன்னா: சுவர்ல முதுகும் தலையும் ஒட்டி நின்னு, தாடையைத் தூக்காம குனியாம நேரா பின்னால இழுக்கணும், இரட்டைத் தாடை வர்ற மாதிரி. 5 விநாடி, 10 தடவை, ஒரு நாளைக்கு நாலஞ்சு முறை. அடுத்தது உள்ளங்கையை நெத்தியில வெச்சு, தலை அசையாம தலையும் கையும் ஒண்ணை ஒண்ணு தள்ளறது. முழு பலத்துல தள்ளாதீங்க, பாதி பலம் போதும். 6 விநாடி, முன், பின், ரெண்டு பக்கம், அஞ்சஞ்சு தடவை. அப்புறம் தோள்பட்டை எலும்பு ரெண்டையும் பின்னால சேர்த்து 5 விநாடி, 10 தடவை. தலையை வட்டமா சுத்தற பயிற்சி மட்டும் வேண்டாம்.

வேலைப் பலகையை 10-15 செ.மீ. உயர்த்துங்க. தலை கிட்டத்தட்ட 5 கிலோ. எவ்வளவுக்கெவ்வளவு குனியறோமோ கழுத்துக்குப் பல மடங்கா ஏறும்.

சந்தேகசாமி
சலூன்ல கழுத்தை நெட்டி முறிச்சா லேசா ஆகுதே?

வார்டு அக்கா
அது வேண்டவே வேண்டாம். கழுத்தெலும்புக்குள்ள மூளைக்குப் போற ரத்தக்குழாய் ஓடுது. திடீர்னு திருகினா அதோட உள்சுவர் கிழிஞ்சு பக்கவாதம் வர்றது அபூர்வம், ஆனா வந்தா திருப்ப முடியாது. அஞ்சு நிமிஷ சுகத்துக்கு அவ்வளவு விலை தேவையில்லை.

காடையாம்பட்டி
குறுக்க கேக்கறதுக்கு மன்னிக்கணும். ஒரு பையனுக்காகக் கேக்கறேன், வயசு 26. ஆறு மாசமா இடுப்பும் புட்டமும் வலி. விடியக்காலை மூணு நாலு மணிக்கு வலியில முழிப்பு. எழுந்தா ஒரு மணி நேரம் விறைப்பு. வேலை செய்யச் செய்ய சரியாகுது, ஓய்வெடுத்தா கூடுது. இவனுக்கும் "தேய்மானம்"னு சொல்லி குனியற பயிற்சி குடுத்திருக்காங்க.

எலும்புச்சேதி
இது தேய்மானம் மாதிரியே தெரியலை. 45 வயசுக்குக் கீழே ஆரம்பிச்சு, மூணு மாசத்துக்கு மேல நீடிச்சு, அரை மணிக்கு மேல காலை விறைப்பு, அசைஞ்சா குறையுது, படுத்தா கூடுது, ராத்திரியோட பின்பாதியில எழுப்புது. இதெல்லாம் சேர்ந்தா முதுகெலும்பு அழற்சி வாதம், அதாவது ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைட்டிஸ் வகையா இருக்கலாம். வாதநோய் மருத்துவரைப் பார்க்கணும். இடுப்புக் கூபக மூட்டு எம்.ஆர்.ஐ, எச்.எல்.ஏ. பி27 (மரபணுக் குறி), சி.ஆர்.பி. (அழற்சி அளவு) ரத்தப் பரிசோதனை பார்ப்பாங்க. பி27 இருந்தா மட்டுமே நோய்னு ஆகாது, இல்லைன்னா நோய் இல்லைன்னும் ஆகாது. ஒரு கண்ணு செவந்து வலிச்சு வெளிச்சம் பார்க்க முடியலைன்னா அன்னைக்கே கண் மருத்துவர், சொட்டு மருந்தைக் கடையில கேட்டு வாங்கிப் போடாதீங்க.

அஸ்தம்பட்டி பிசியோ
இதுல திசை தலைகீழ். முதுகு முன்னால கூன் விழுந்து அப்படியே இறுகற நோய் இது, குனியற பயிற்சியைக் குவிச்சா நோய்க்கு ஒத்தாசை பண்ற மாதிரி. குப்புறப் படுக்கறது தினமும் 15-20 நிமிஷம், தலையணை மெல்லிசா அல்லது இல்லாம. முதுகைப் பின்னால நிமிர்த்தற பயிற்சி, இடுப்பையும் கழுத்தையும் ரெண்டு பக்கமும் திருப்பறது, ஆழமா மூச்சை இழுத்து நெஞ்சை விரிக்கறது. இது 20 நிமிஷம், வாழ்நாள் பூரா, வலி இல்லாத நாளும். சிகரெட் இருந்தா அதை முதல்ல விடணும்.

முன்னேற்றம் தெரிய வீட்டுலயே மூணு அளவு எடுக்கலாம், தையல்காரர் டேப் போதும். ஒண்ணு, நெஞ்சுச் சுற்றளவு: முலைக்காம்பு மட்டத்துல டேப்பைச் சுத்தி, மூச்சை முழுசா விட்டப்ப ஒரு அளவு, முழுசா இழுத்தப்ப ஒரு அளவு. வித்தியாசம் 2.5 செ.மீ.க்குக் கீழே போனா மருத்துவர்கிட்ட சொல்லணும். ரெண்டு, குதிகாலும் முதுகும் சுவர்ல ஒட்டி, தாடையைத் தூக்காம நின்னா பின்தலை சுவரைத் தொடணும். தொடலைன்னா இடைவெளி எத்தனை செ.மீ.ன்னு குறிங்க. மூணு, இடுப்புல ரெண்டு பக்கமும் இருக்கற குழியைச் சேர்க்கற கோட்டுக்கு மேல 10 செ.மீ., கீழே 5 செ.மீ. பேனாவால குறி போட்டு, முட்டி மடக்காம குனியச் சொல்லுங்க. குறிகளுக்கு நடுவுல இருந்த 15 செ.மீ., குறைஞ்சபட்சம் 20 ஆகணும். மூணு மாசத்துக்கு ஒரு தடவை எழுதி வையுங்க.

பயிற்சி இருக்குன்னு மருந்தை நிறுத்தக்கூடாது. ரெண்டும் சேர்ந்தாத்தான்.

ஏற்காடு காப்பிக்காடு
மார்கழி தை காலையில மலையில விறைப்பு ரொம்ப அதிகம். இந்த வாதக்காரங்க சுடுதண்ணியில குளிச்சுட்டு உடனே பயிற்சி பண்ணினா அசைவு நல்லா வரும். எழுந்ததும் குளிர்ல பண்ண வேண்டாம்.

இன்னொண்ணு. சேலத்துல இருந்து மேல வர்ற பஸ், 20 கொண்டை ஊசி வளைவு. வயசான அம்மாக்கள் கடைசி சீட்ல உக்காந்து ஒரு குழியில தூக்கிப் போட்டதும் முதுகுல பளிச்சுனு வலி வந்தா, அதைத் தேய்மானம்னு விடாதீங்க. மாதவிடாய் நின்ன பிறகு எலும்பு பஞ்சு மாதிரி ஆனவங்களுக்கு முதுகெலும்பு நசுங்கி முறிஞ்சிருக்கும். எக்ஸ்ரே எடுக்கணும். ரெண்டு சக்கரத்துக்கும் நடுவுல இருக்கற சீட்ல உக்காருங்க, ஆட்டம் குறைவு.

எலும்புச்சேதி
அவங்களுக்குக் கால் விரலைத் தொடற பயிற்சி, படுத்து எழற பயிற்சி ரெண்டும் கூடாது. மேல சொன்ன முட்டி அணைக்கறதும் எலும்பு அடர்த்தி பார்த்த பிறகுதான்.

நடக்கவே முடியாதவங்களுக்கு ஒரு வழி: 2021 ஆகஸ்ட்ல ஆரம்பிச்ச மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்துல வீட்டுக்கே வர்ற பிசியோவும் உண்டு. ஆரம்ப சுகாதார நிலையத்துல பேரைப் பதியுங்க.

தறிக்குழி
எவ்வளவு வலி வந்தா நிறுத்தணும்? எத்தனை நாள்ல பலன் தெரியும்?

அஸ்தம்பட்டி பிசியோ
பத்துக்கு மூணு நாலு அளவு வலி பரவாயில்லை, மறுநாள் காலைக்குள்ள பழைய அளவுக்கு இறங்கணும். இறங்கலைன்னா அடுத்த நாள் எண்ணிக்கையைப் பாதியாக்குங்க, முழுசா நிறுத்தாதீங்க. நல்லா இருக்கற நாள் ரெண்டு மடங்கு செஞ்சு, மறுநாள் படுத்து, அப்புறம் ஒரு வாரம் விடறதுதான் எல்லாரும் மாட்டிக்கற சுழல். வலி எங்கே போகுதுங்கறதையும் பாருங்க. கால்ல இருந்தது புட்டத்துக்கு ஏறி, இடுப்போட நின்னா, இடுப்புல கூடினாலும் நல்லது. இடுப்புல இருந்தது காலுக்கு இறங்கினா அந்தப் பயிற்சி தப்பு. ஆறு வாரத்துல நடக்கற தூரம் கூடணும். பலம் ஏற மூணு மாசம். அவ்வளவும் சரியா செஞ்சு தூரம் குறைஞ்சுக்கிட்டே போனாலோ, கால் பலம் விட்டாலோ, அறுவைச் சிகிச்சை பத்திக் கேக்கறதுல தப்பே இல்லை.

மிச்சம் அஞ்சு நாள் பணம் கட்டியிருக்கீங்கல்ல? டிராக்‌ஷன் வேண்டாம், அந்த நேரத்துல நாலு பயிற்சியையும் பக்கத்துல நின்னு திருத்தச் சொல்லுங்க. போன்ல வீடியோ எடுத்துக்கங்க. தறியில உக்காந்திருக்கறதைப் பக்கவாட்டுல ஒரு போட்டோ எடுத்துக் காட்டுங்க.

தறிக்குழி
சரிங்க. இப்பவே முதல் பயிற்சி செஞ்சு பார்த்தோம். துண்டை இழுத்தேன், சுலபமா உருவி வந்துடுச்சு. அழுத்தறேன் அழுத்தறேன்னுதான் சொல்றார்.

அஸ்தம்பட்டி பிசியோ
மூச்சை அடக்கியிருப்பார். ஒண்ணு ரெண்டு மூணுன்னு அஞ்சு வரைக்கும் சத்தமா எண்ணச் சொல்லிட்டு மறுபடி இழுங்க.

தறிக்குழி
இப்போ வரலைங்க.